இரண்டு வெள்ளிக்கிழமைகள்

பயிற்சி நாளன்று உங்கள் முன்னால் வந்து இருபது நிமிடம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். மேடையில் ஏறினால் எல்லாம் தெரிந்தவள்போலப் பேச வேண்டிவரும். எனக்கு எல்லாம் தெரியாது. தெரிந்ததிலும் பாதி குழப்பம். எழுதித் தந்தால், நான் குழம்பும் இடத்தில் நீங்கள் திரும்பவும் வாசித்துப் பார்க்கலாம் அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. வட்டவிளக்கு, சட்டையில் குத்தும் மைக், நடுங்காமல் பிடிக்கும் கைப்பிடி என்று எல்லாம் வைத்திருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிச் சிறுதொழில்காரருக்கு உதவும் அலுவலகத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவள். ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கும்போது, இனி எல்லாரும் கைத்தொலைபேசியில் சின்ன வீடியோ எடுத்துப் பொருள் விற்க வேண்டும், அவர்களைப் பழக்குவது உங்கள் பொறுப்பு என்று ஒரு கடிதம் வந்தது. அந்த நாளில் நான் படம் எடுத்தால் என் விரல்தான் விழும். ஊர்காவற்றுறையில் கலியாண வீடியோ எடுத்து நரைத்துப்போன ஒருவரிடம் போய், பிடிக்கவும் வெட்டவும் கற்றுக்கொண்டேன்.

எந்த வீடியோ ஓடும், எது படுக்கும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. புங்குடுதீவில் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா விற்கும் ஒருவருக்காக மூன்று நாள் மினக்கெட்டு, இடிப்பது, அரிப்பது, கூழ் காய்ச்சுவது என்று அழகாக ஒரு வீடியோ செய்தேன். பார்த்தது நானும் அவரும் அவருடைய மச்சானும். அடுத்த கிழமை அவருடைய ஆடு மாப் பைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ஓடியதை அவர் எடுத்துப் போட்டார். கண்காணாத தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள், மாவும் விற்று முடிந்தது. "மிஸ், இனி ஆட்டை வைச்சே எடுப்பமோ?" என்று கேட்டார். எடுத்தோம். ஆடு அன்றைக்குப் பையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்படி விளங்காதவை நூறு. ஆனால் பிழை முழுக்க என்னுடையது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நயினாதீவில் வாணி என்று ஒரு பெண். வயது நாற்பதுக்குக் கிட்ட. கணவர் நேசன், குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் ஓடும் ஆள் ஏற்றும் படகில் வேலை. விடியற்காலை முதல் படகுக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிற மனுசன். வாணி வடைமாலை கட்டுவாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர் வைரவருக்கு நேர்த்தி வைப்பார்கள், ஆனால் வந்து செய்ய ஏலாது. வாணிக்குச் சொன்னால், அவள் முழுகி, உளுந்து அரைத்து, நூற்றியெட்டு வடை சுட்டு, வாழைநாரில் கோத்துக் கோயிலில் கொடுப்பாள். ஐயர் பூசை செய்து சாத்துவார். அந்த ஒரு தொழிலில்தான் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தார்கள்.

அந்தத் தொழிலுக்கு மூலதனம் உளுந்து அல்ல. அவளுடைய ஆசாரம். அவளிடம் சொன்னால் சுத்தபத்தமாக நடக்கும் என்று ஆட்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை போனால் ஒரு வடைகூட விற்காது. இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அவளுடைய குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அம்மா தன் மகளின் பிரசவம் சுகமாக நடக்கவேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தார். அந்த மாலையை வாணி கட்டுவதை முப்பது செக்கனில் எடுத்துப் போட்டால், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள் என்பது என் திட்டம். ஈரத்தலையும் திருநீறுமாக வாணி நன்றாகவே நின்றாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எங்கடை வைரவருக்கு வடைமாலை. நேர்த்தி இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ, நான் செய்து தாறன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்து குழப்பியது. அந்தத் துண்டை வெட்டிவிட்டேன்.

வீடியோவை உடனே போடவில்லை. அங்கேதான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். நமக்குக் காலை என்றால் கனடாவில் முதல் நாள் இரவு, அவர்கள் படுக்கப் போய்விடுவார்கள். வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுக் கையில் ஃபோனோடு சாய்ந்திருக்கும் நேரம்தான் நல்ல நேரம். அது நமக்குச் சனி விடிய ஐந்தரை. அந்த நேரத்துக்குத் தானாகவே போகும்படி வாணியின் இணையப் பக்கத்தில் குறித்துவைத்தேன். குறித்துவிட்டுச் சரவணையில் என் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று அவள் சொல்வது அங்கேயும் பொருந்தும் என்று பெருமைவேறு பட்டேன்.

நான் வீடு வந்த பிறகு நடந்தது இதுதான். நேசனின் மூத்த அண்ணன் ரொறன்ரோவில் இருந்தவர், வாணி அவரைப் பெரியத்தான் என்பாள். இருதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் வெள்ளிக்கிழமை அங்கே பகல் பதினொரு மணிக்குப் போய்விட்டார். நமக்கு அது வெள்ளி இரவு எட்டரை. வாணி வீட்டுக்கு அந்த நேரம் தொடக்கம் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளைக்கு அவள் கோயில் பக்கம் போகவோ, மாலைக்கு உளுந்து நனைக்கவோ முடியாது. எனக்குச் செய்தி சொல்ல அந்த வீட்டில் யாருக்கு நேரம்?

வீடியோ தன் பாட்டில் போனது. ரொறன்ரோவில் வெள்ளி இரவு எட்டு மணி. செத்த வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்து, ஆளுக்கொரு ஃபோனில் துயரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அந்த ஃபோன்களில் எல்லாம் வாணி ஈரத்தலையோடு வந்து நின்று சிரித்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாள். அவர்களுக்கும் அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.

சனி காலை ஆறு மணிக்கு என் ஃபோன் கிடந்து துடித்தது. எடுத்துப் பார்த்தால் வீடியோவின் கீழே வரிசையாகத் திட்டு. கணவனின் கூடப்பிறந்தவர் செத்துக் கிடக்க வடை சுட்டுச் சிரிக்கிறாள். துடக்கு மாலையைச் சாமிக்குப் போட்டிருக்கிறாள். இவளை நம்பி இதுவரை கொடுத்த மாலைகள் எல்லாம் எப்படியோ. அதற்குள் நேர்த்தி வைத்த அம்மாவிடமிருந்து எனக்கே அழைப்பு. அவருக்கு என் இலக்கத்தை நான்தான் கொடுத்திருந்தேன்.

"மிஸ், என்ரை பிள்ளை ஆஸ்பத்திரியில நோவோட கிடக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மாலை துடக்கோடயோ சாத்தினது?"

"இல்லை அம்மா, அது முதல் நாள் காலமை எடுத்தது. நான் பக்கத்தில நிண்டனான்."

"முதல் நாள் எண்டா வியாழனோ? அவ வெள்ளி எண்டெல்லோ சொல்லுறா."

"வெள்ளிதான் அம்மா. எங்கடை வெள்ளி."

"அவர் மோசம் போனதும் வெள்ளிதானே பிள்ளை."

நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டேன். நடுவில் எனக்கே எது முந்தி எது பிந்தி என்று தடுமாறியது. அந்த அம்மா அழுதுகொண்டே ஃபோனை வைத்துவிட்டார். யோசிக்காமல் நான் செய்த முதல் வேலை, வீடியோவை அழித்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். போட்டது ஒரு பிழை என்றால் அழித்தது பத்துப் பிழை. பத்து நிமிடத்தில் அடுத்த கதை வந்தது. "களவு இல்லையெண்டா ஏன் அழிச்சவ?" வீடியோவை முன்னமே சேமித்து வைத்தவர்கள் தங்கள் குழுக்களில் போட்டார்கள். அதில் வீடியோவோடு நான் எழுதியிருந்த நேர்த்தி விபரமும் இல்லை, போட்ட நேரமும் இல்லை. வாணியின் சிரிப்பு மட்டும் இருந்தது.

ஐயருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் நல்ல மனுசன், உடனேயே கனடாவில் நாலு பேருக்குச் சொன்னார். வெள்ளி காலமை பத்து மணிக்கு நான்தான் சாத்தினனான், ஒரு குறையும் இல்லை என்றார். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். நமக்கு வெள்ளி காலை என்றால் அங்கே வியாழன் இரவு, ஆள் போனது அடுத்த நாள் பகல். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செத்த வீட்டில் யாரோ ஒருவர், "டொக்டர் சொன்ன நேரம் வேறை. மெசினிலதானே வைச்சிருந்தவங்கள். உயிர் வியாழன் இரவே போட்டுது" என்று ஒரு கதையைப் போட்டுவிட்டார். வியாழன் இரவு அங்கே என்றால், சரியாக வாணி வடை சுட்ட நேரம். இனி எந்த மணிக்கூட்டைக் காட்டினாலும் பயன் இல்லை.

நான் பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போனேன். துறையில் படகுக்குக் காத்திருக்கும்போதுதான் அந்த வெட்டிய துண்டு ஞாபகம் வந்தது. நான் கற்றுக்கொண்ட அந்தக் கலியாண வீடியோக்காரர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "வெட்டினதை உடனை எறியாதேங்கோ மிஸ். ஆறு மாதம் கழிச்சு வந்து, செத்துப்போன மாமா அதுக்குள்ள நிண்டவர், தாங்கோ எண்டு கேப்பினம்." அவர் சொன்னதற்காக நான் எதையும் எறிவதில்லை. திறந்து பார்த்தேன்.

வாணி மாக் கையோடு நிற்கிறாள். ஃபோன் அடிக்கிறது. முழங்கையால் தட்டிச் சத்தமாக வைக்கிறாள். ஒரு ஆண் குரல், மெலிந்த குரல்.

"என்ன பிள்ளை, எண்ணைச் சத்தம் கேக்குது. வடையோ?"

"ஓம் பெரியத்தான். வைரவருக்கு மாலை. நூத்தியெட்டு."

"நூத்தியொன்பதாவதை எனக்கு எடுத்து வை. இஞ்சை தாற சூப்பைக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு."

"எப்ப வீட்டை விடுவினமாம்?"

"நாளைக்குப் பாப்பம் எண்டவை. இப்ப இஞ்சை இரவு ஒன்பதரை. நேர்ஸ் வந்து லைட்டை நிப்பாட்டப் போறா. அது கிடக்கட்டும் பிள்ளை, நேசனிட்டை நான் சொன்னது எண்டு..."

அதற்கு மேல் என்னுடைய குரல். "வாணி, ஃபோனை வையும். வெயில் ஏறுது, வெளிச்சம் பழுதாய்ப் போகும்." அத்தோடு துண்டு முடிகிறது.

துறையில் ஆட்கள் என்னைத் தாண்டிப் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் சந்தோசம் வந்தது. மெசின் கதைக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? மாலை கட்டும்போது மனுசன் உயிரோடு இருந்து வடை கேட்கிறார், தன் வாயாலேயே நேரம் சொல்கிறார். இதைப் போட்டால் பத்து நிமிடத்தில் எல்லார் வாயும் மூடும். வாணி தப்பிவிடுவாள். விரலைக் கொண்டுபோய் அந்தப் பொத்தானுக்கு மேலே வைத்தும் விட்டேன்.

பிறகு, அங்கே இப்போது என்ன நேரம் என்று கணக்குப் பார்த்தேன். எல்லாம் அந்தக் கணக்கால் வந்த வினைதானே. அவருடைய மனைவி இப்போது முழித்திருப்பாரா, பக்கத்தில் யார் இருப்பார்கள், ஃபோனைத் திறக்கும்போது கணவனின் குரல் வந்தால் என்ன செய்வார் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நேற்று நான் பார்த்த நல்ல நேரத்தின் இலட்சணம் கண்முன்னே இருந்தது. போடாவிட்டால் வாணியின் பிழைப்பு மணிக்கு மணி கரைகிறது. போட்டால் ஒரு வீட்டின் துக்கத்தை எடுத்துச் சந்தியில் வைக்கிறேன். எது சரி என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஃபோனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி ஆளாகப் படகில் ஏறினேன். இதைத் தீர்மானம் என்று சொல்ல எனக்கு வெட்கம். பயம்தான்.

வாணி வீட்டில் ஆட்கள் கதிரை போட்டு முற்றத்தில் இருந்தார்கள். நேசன் முகம் மழிக்காமல் ஒரு தூணோடு சாய்ந்திருந்தார். வாணி குசினி வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. பெரியத்தானுக்காக அழுததா, தொழிலுக்காக அழுததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"எல்லாம் என்ரை பிழை வாணி" என்றேன்.

"இப்ப அதைக் கதைச்சு என்ன மிஸ். மூத்தவளின்ரை விடுதிக் காசு வாற மாதம் கட்டவேணும். ஆர் இனி என்னட்டை மாலை கேப்பினம்?"

நான் நேசனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "நேசன், என்னட்டை உங்கடை அண்ணையின்ரை குரல் கொஞ்சம் இருக்கு. நேற்றுக் காலமை எடுபட்டது. நீர் கேட்டுப்போட்டுச் சொல்லும், இதை என்ன செய்யிறதெண்டு."

வீடியோவைத்தான் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. அழைப்பு வந்தால் வைப்பதுபோலக் காதோடு வைத்துக்கொண்டார். மூன்று தரம் கேட்டார். நூற்றியொன்பதாவது வடை வந்த இடத்தில் அவருக்கு வாய் கோணியது. முதல் நாள் இரவிலிருந்து அழாமல் இருந்தவராம். தூணில் தலையை முட்டுக்கொடுத்து அழுதார்.

அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "மிஸ், 'நேசனிட்டை நான் சொன்னது எண்டு' எண்டு தொடங்கினவர். அதுக்குப் பிறகு என்ன சொன்னவர்?"

அதற்குப் பிறகு அங்கே இருந்தது என் குரல்தானே. வெளிச்சம் பழுதாய்ப் போகும் என்றது நான்தானே.

குசினி வாசலில் இருந்து வாணி சொன்னாள். "காலமையில வெறும் வயித்தோட படகுக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னவர். ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகட்டாம். அவ்வளவுதான்."

நேசன் தலையாட்டினார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல், அந்தத் துண்டை அண்ணியின் ஃபோனுக்கு மட்டும் அனுப்பினார். "அவ கேக்கட்டும். பேந்து அவ சொல்லுறபடி" என்றார்.

அண்ணி அதை எங்கேயும் போடவில்லை. நேர்த்தி வைத்த அம்மாவைத் தானே கூப்பிட்டு, "அந்த மாலை கட்டேக்க என்ரை மனுசன் உயிரோட இருந்து வடை கேட்டவர். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்று சொன்னாராம். செத்த வீட்டுக்காரியே சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்ல இருக்கிறது? பின்னேரம் அந்த அம்மா வாணிக்கு எடுத்தார். பேரன் பிறந்துவிட்டான். துடக்குக் கழிய இன்னொரு மாலை வேண்டும் என்றார். வாணி சரி என்று மட்டும் சொன்னாள். விடுதிக் காசுக்குச் சங்கிலியை அடகு வைத்துச் சமாளித்தாள். திட்டியவர்களில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் இன்றும் கோபம்.

முப்பத்தொன்று கழிந்து வந்த முதல் வெள்ளி, அந்தப் பேரனுக்கான மாலை. நான் மறுபடியும் அந்தக் குசினியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தமுறை நேரம் குறிக்கவில்லை, எடுத்தவுடன் போடுவதாகப் பேச்சு. பாதியில் வாணியின் ஃபோன் அடித்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடும். ஆறுதலாக் கதையும்" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இளைய மகள். ஏதோ சட்டை தைப்பது பற்றி நீட்டி முழக்கினாள். வெயில் ஏறிக் குசினி முழுக்க வெளிறிப்போனது. அன்றைக்கு எடுத்தது ஒன்றுக்கும் உதவவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

ஃபோனை வைத்த பிறகு, ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "வாணி, பெரியத்தான் அண்டைக்கு உண்மையா என்ன சொன்னவர்?"

வாணி ஒரு வடையைத் தட்டி எண்ணெய்க்குள் விட்டாள்.

"உங்கடை சத்தம்தானே மிஸ் எனக்கும் கேட்டது."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் வடையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"பதினைஞ்சு வருசமா நான் கத்தினனான் மிஸ், அந்தாள் கேக்கேல்லை. இப்ப தம்பாட்டில வந்திருந்து ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டுத்தான் படகுக்குப் போறார். அண்ணை சொன்னவராம்."